முதல் ஆட்டமும் முதல் கேஜும்

அந்தப் படம் திரைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே எங்கள் ரயிலில் ஓடி முடிந்துவிட்டது. மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ரயில். காலையில் நான் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்தால், பங்காருபேட்டை வருவதற்குள் பெண்கள் பெட்டியில் அதன் தலையெழுத்தை எழுதிவிடுவார்கள். பறக்கிற ஹீரோ வேறொரு கிரகத்து ஜனங்களைக் காப்பாற்றுகிற கதையாம். கிராஃபிக்ஸ் பாதிதான் முடிந்திருக்கிறதாம். ஹீரோவுக்கும் டைரக்டருக்கும் பேச்சே இல்லையாம். நானும் சும்மா இருக்கவில்லை. பார்க்காத படத்தைப் பற்றி என்னைப்போல் அடித்துப் பேச அந்தப் பெட்டியில் ஆள் கிடையாது. படம் ஊற்றிக்கொள்ளும் என்று போஸ்டர் வந்த அன்றே சொன்னவள் நான்தான்.

எங்களுக்கு அந்தப் படத்தில் ஓர் உரிமையும் இருந்தது. அந்த வேறு கிரகம் எங்கள் ஊர்தான். தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன சாம்பல் நிற மண்ணைச் சயனைடு டம்ப் என்போம். சுரங்கம் மூடியும் அது அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் நேர் எதிரே நிற்கும். போன வருஷம் அதன் மேல்தான் ஷூட்டிங் நடந்தது. கூட்டத்துக்கு நிற்க எங்கிருந்தோ பஸ்ஸில் ஆட்களை அழைத்து வந்து, தலை முதல் கால் வரை சாம்பல் பொடி பூசி நிறுத்தினார்கள். கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானும் அண்ணியும் ஊரோடு நின்று வேடிக்கை பார்த்தோம்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. அந்த ஷூட்டிங்குக்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு காலையில் வேலைக்கென்று இதே ரயிலில் ஏறிப்போன அண்ணன் வீடு திரும்பவில்லை. சண்டை எதுவும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம்கூடக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். போலீஸ், ஜோசியம், பக்கத்து வீட்டார் சர்ச்சில் ஜெபம் என்று ஒன்றையும் விடவில்லை. அண்ணி தாலியைக் கழற்றவும் இல்லை, அவனைப் பற்றிப் பேசவும் இல்லை. அவன் வீட்டில் போடுகிற செருப்பு கழற்றிவிட்ட இடத்திலேயே கிடந்தது. பெருக்கும்போது அதைத் தூக்கிப் பெருக்கிவிட்டு, அங்கேயே திரும்ப வைப்பாள்.

படம் வெளியான அன்று, முதல் ஆட்டத்தின் இடைவேளைக்குள்ளேயே படம் அவுட் என்று செய்தி வந்துவிட்டது. போனைத் திறந்தால் தியேட்டர் வாசலில் நின்று யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சாயங்கால ரயிலில், நான் சொன்னேனா இல்லையா என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தபோது, சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி இருக்கும் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆபீஸ் தோழிகளோடு முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, உங்க அண்ணன் அந்தப் படத்துல கீறாரு. டம்ப் மேல, கூட்டத்துல. திரும்பிப் பாக்கறாரு."

"சாம்பல் பூசின மூஞ்சில இன்னாத்த அடையாளம் கண்டே நீ?" என்று எரிந்து விழுந்தேன்.

"பாத்ததச் சொன்னேன்க்கா" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் சொன்னது உண்மையானால் அண்ணன் போன வருஷம் உயிரோடு இருந்திருக்கிறான். சொந்த வீட்டின் பின்கதவைப் பார்த்தபடி டம்ப் மேல் நின்றிருக்கிறான். நின்றுவிட்டு, கதவைத் தட்டாமல் போயிருக்கிறான்.

அதற்குப் பிறகு லைனிலிருந்து ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். போனவர்கள் எல்லோருமே அவனைப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் அவன் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தான். முதலில் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். பிறகு புருவத்துத் தழும்பு தெரிந்தது. இரண்டாம் தடவை போனவர், உதடு அசைகிறது, என்னவோ சொல்கிறான் என்றார். நாடே காறித்துப்பிய படம் எங்கள் லைனில் மட்டும் அருமையான படமாகிவிட்டது. சினிமாப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பென்ஷன்காரர் ஒருவர் என்னை நிறுத்தி, "இன்னா படம்மா அது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் ஊருக்கு இது பழக்கம்தான். நான் சின்னவளாக இருந்தபோது பூமிக்கடியில் பாறை வெடித்தால் அலமாரியில் பாத்திரம் கிடுகிடுக்கும். பெண்கள் போட்டது போட்டபடி, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட்டின் வாசலுக்கு ஓடுவார்கள். ஆட்களை மேலே தூக்கி வரும் கேஜ் ஒவ்வொன்றாக வரும். முதல் கேஜில் வந்தவர்கள் சொல்வதுதான் செய்தி. கீழே இருட்டிலும் புழுதியிலும் அவர்கள் எதையும் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் சொல்வார்கள். நாங்களும் நம்புவோம்.

ஒரு தடவை முதல் கேஜ், என் அப்பா போய்விட்டார் என்றது. அம்மா அங்கேயே வளையலை உடைத்துக்கொண்டாள். கடைசிக் கேஜில் அப்பா ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து இறங்கினார். ஆனால் அழுதவர்களால் அழுததைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை. அடுத்த வீட்டம்மா அதற்குப் பிறகு அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அம்மாவே சில சமயம் சோறு போட்டுவிட்டு, அவர் அதைச் சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அண்ணி மட்டும் படத்துக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் தலைவலி என்றாள். என்னிடம், "பாத்துட்டா அதோட முடிஞ்சிடும் இல்ல" என்றாள். இரண்டாவது வாரம், படத்தைத் தூக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

பங்காருபேட்டையில் மேட்னி. தியேட்டரில் எங்களையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். படம் நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த இடம் எப்போது வரும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. ஊதா நிற வானத்தின் கீழே எங்கள் டம்ப். எங்கள் லைன் இருக்க வேண்டிய இடத்தைக் கண்ணால் தேடினேன். வீடுகளை அழித்துவிட்டு அங்கே கடலை வைத்திருந்தார்கள். டம்ப் மேல் கூட்டம் நின்றது. முடி, புருவம், உதடு, எல்லாம் ஒரே சாம்பல். ஹீரோ வந்து இறங்கினான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்தக் காட்சி போய்விட்டது. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை.

ரயிலேறி ஊர் திரும்பினோம். லைனுக்குள் நுழைந்ததும் அடுத்த வீட்டம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பாத்தியாம்மா?"

"பாத்தேன்" என்றாள் அண்ணி. "திரும்பிப் பாத்தாரு."

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், "யாருமே திரும்பல அண்ணி. எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று சீறினேன்.

அண்ணி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். எதிரே டம்ப் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"படத்துல திரும்பல" என்றாள். "ஷூட்டிங் அன்னிக்குத் திரும்புனாரு. கயித்தாண்ட நாம நின்னுகினு இருந்தோம் இல்ல? கூட்டத்துல ஒரு ஆளு என்னியே பாத்துகினு இருந்தான். யாரோ பொறுக்கின்னு நெனச்சி முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கினேன்."

"இத ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"இப்பதான் ஞாபகம் வருது."

ஊர் பேசிப் பேசி உங்களுக்குள் விதைத்தது அண்ணி இது, என்று சொல்ல நினைத்தேன். வதந்தி எப்படி வளரும் என்று எனக்கா தெரியாது? ரயிலில் அதை வளர்த்தவளே நான். சொல்லத் திரும்பினால் கண் முன்னே அந்த ஷூட்டிங் நாள் வந்து நின்றது. கயிறு தெரிந்தது. காற்றில் மண் பறந்தது. எல்லா முகமும் ஹீரோவைப் பார்க்க, ஒரு சாம்பல் முகம் மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. அண்ணி முந்தானையை இழுத்துக்கொண்டு, "யாரு இவன், இப்படி மொறைக்கறான்" என்றாள். நான் சிரித்தேன். நன்றாக, சத்தமாகச் சிரித்தேன்.

அது நடந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நடக்கவில்லை என்றும் முடியாது. பின்கதவுக்கு நாங்கள் இப்போது தாழ்ப்பாள் போடுவதில்லை.