இரண்டு பெட்டிகளும் என் தொண்டையும்

எங்கள் சொந்தத்தில் என்னைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் என் தொண்டையைப் பற்றித்தான் சொல்வார்கள். "அவியளா? அவிய பேசுனா தெரு முக்கு வரைக்கும் கேக்குமே." என் தங்கையைப் பற்றிக் கேட்டால், "அந்தப் பிள்ளை வீட்டுல இருக்கதே தெரியாது" என்பார்கள். நான் இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டேன், அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில். நடுவில் அரைமணி பஸ் தூரம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் அந்த அரைமணித் தூரத்துக்குள் இப்படி வேறு வேறாக ஆகிவிட்டோமே என்று அம்மா கடைசிவரை ஆச்சரியப்பட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் இருவர் குரலும் ஒன்றாகத்தான் இருந்தது. அடுத்த அறையிலிருந்து பேசினால் அப்பாவே ஆள் மாற்றிக் கூப்பிடுவார். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கே மறந்துபோயிருந்தது.

இத்தனைக்கும் நான் வேலை பார்த்தது பேண்டேஜ் கம்பெனியில், பேக்கிங் செக்ஷனில். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை மடித்து உறையில் போடுகிற இடத்தில் என்ன சத்தம் இருக்கும்? ஃபேன் சுற்றுவது கூடக் காதில் விழும். இரைச்சலில் வேலை பார்த்தது என் வீட்டுக்காரர். ஸ்பின்னிங் மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின்கள் பக்கம் முப்பத்தெட்டு வருடம். அங்கே வாய்விட்டுப் பேசிப் பிரயோஜனமில்லை. வாயசைவைப் பார்த்தும் கையசைவைப் பார்த்தும்தான் பேச்சு. கல்யாணமான புதிதில் நான் எதைச் சொன்னாலும் கண் எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக் கேட்பார். இந்த மனிதருக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று நான் பூரித்துப்போய்த் திரிந்தேன்.

அந்தப் பூரிப்பு சில வருடங்களில் வடிந்துவிட்டது. முகத்துக்கு நேரே நின்றால் பதில் சொல்வார். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அசையமாட்டார். முதல் தடவை சாதாரணமாகக் கூப்பிடுவேன், இரண்டாவது கொஞ்சம் கூட்டி, மூன்றாவது பக்கத்து வீட்டுக்காரம்மா "என்னக்கா?" என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு. வருடம் போகப்போக முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேராக மூன்றாவதிலேயே ஆரம்பிக்கப் பழகிவிட்டேன். ஏன் என்று கேட்டால், "கவனிக்கல" என்பார். குக்கர் ஏழு விசில் அடித்துச் சோறு குழைந்தாலும் கவனிக்கல. காலிங்பெல்லை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுக் கூரியர்காரர் திரும்பிப் போனாலும் கவனிக்கல. பொண்டாட்டி சொல் காதில் ஏறாமல் இருப்பது ஆண்பிள்ளைகளுக்குக் கிடைத்த பிறவிச் சலுகை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே காலத்தை ஓட்டினேன்.

அவர் காது நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்கு என்னிடம் ஆதாரம் வேறு இருந்தது. அதுதான் அந்தப் பாட்டுப் பெட்டி.

அவர் ஓய்வு பெற்றதும் பெங்களூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பினாள். டிபன் பாக்ஸ் உயரம், விரித்த கை அகலம். பாட்டெல்லாம் வைஃபையில் வந்துவிடும். பின்னால் ஸ்பீக்கர் வயரை மாட்டினால் போதும். முன்பு இருந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், அதன் சூட்டில் நான் மழைக்காலத்தில் வடகம் காயவைத்திருக்கிறேன். அது செய்த வேலையை எல்லாம் இந்தச் சின்னப் பெட்டி செய்கிறது என்றார்கள். செய்துவிட்டுப் போகட்டும். என்னைக் கடுப்பேற்றியது பெட்டி இல்லை, அதைப் பற்றி இவர் பேசிய பேச்சு. செல்போனில் நாலு வீடியோ பார்த்ததும் ஆளே மாறிவிட்டார். மில்லில் மெஷின் கோளாறை எழுதிவைத்த பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு, 'அடி: கெட்டி. நடு: தேன். மேல்: பளிச்' என்று எழுத ஆரம்பித்தார். "வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவுல காத்து இருக்கு, தெரியுதா?" என்று என்னிடம் கேட்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டு காதைக் கிழிப்பது மட்டும்தான். மேல்சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிளைக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தார்.

எனக்கு எரிந்தது அதற்காக இல்லை. வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவில் காற்று கேட்கிற காதுக்கு, பத்தடி தள்ளி அடுப்படியில் நிற்கிற நான் கேட்கவில்லையா? அப்படியானால் இது வேண்டுமென்றே செய்வதுதானே? அறுபது வயதில் ஒருத்தி இதற்கெல்லாம் அழுவாளா என்று கேட்காதீர்கள். அழுதிருக்கிறேன்.

ஆறு மாதம் ஆவதற்குள் என் தங்கை வீட்டுக்காரர் அதே பெட்டியின் அடுத்த பதிப்பை வாங்கினார். பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டார். வெளியே பார்த்தால் இரண்டு பெட்டிக்கும் வித்தியாசமே கிடையாது. பெயருக்குப் பின்னால் மட்டும் ஒரு வார்த்தை கூடுதல். உள்ளே சிப் புதிது, வைஃபை வேகம் அதிகம், அறைக்குத் தகுந்தபடி சத்தத்தைத் தானே திருத்திக்கொள்கிற வசதி உண்டு. பதிலுக்கு ஒரு வசதியைப் பிடுங்கியும் விட்டார்கள். என் மகள் வைத்திருக்கிற ரகப் போனிலிருந்து பழைய பெட்டிக்கு நேராகப் பாட்டு அனுப்பலாம், புதியதற்கு முடியாது. இதை வைத்துச் சகலைகள் இருவருக்கும் தினம் போனில் தகராறு.

"தம்பி, புதுசு வாங்குதேன்னு உள்ளதையும் தொலைச்சிட்டீரு" என்பார் இவர்.

"அண்ணாச்சி, உங்க பெட்டிய இனிமே கம்பெனிக்காரனே கண்டுக்கிட மாட்டான்" என்பார் அவர்.

இவர் ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தை முழுதாக வைத்துத்தான் போன் பேசுவார். தெருவுக்கே கேட்கும். அந்தச் சத்தத்துக்கும் என் தொண்டைதான் பேர் வாங்கியது.

கடைசியில் இரண்டு பெட்டியையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அது நடக்காது. புரட்டாசி சனிக்கிழமை; ஊரை ஒட்டித் திருவண்ணாமலை என்றே பேர் கொண்ட குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் போகிற வண்டிகள் அவர்கள் தெருவை அடைத்துவிடும், போதாக்குறைக்கு முக்குக்கு முக்கு குழாய் ரேடியோவில் பக்திப் பாட்டு அலறும். ஆகவே தங்கையும் அவள் வீட்டுக்காரரும் காலையிலேயே மலை ஏறி இறங்கி, அவர் நெற்றியில் நாமத்தோடும் மடியில் பெட்டியோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றியிருந்தார்.

ஹாலில் எங்கள் நாய் படுத்திருந்தது. ஊர்ப் பேரைக் கொண்ட சாதி, சுத்த வெள்ளை. இந்த வெள்ளையில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் நாய்க்கும் கேட்காது. அதனால் அதை நாங்கள் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய்க் காலால் தரையை இரண்டு தட்டு தட்டினால் அதிர்வு தெரிந்து தலையைத் தூக்கும். குட்டியாக வந்த ஒரே வாரத்தில் நான்தான் அதைக் கண்டுபிடித்தேன்.

குனிய முடியாத முதுகுகள் இரண்டும் சோபாவில் உட்கார்ந்துகொள்ள, ஸ்பீக்கர் வயரை இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாற்றுகிற வேலை எனக்கு வந்தது. எது எது என்று தெரியாமல் இருக்க முன்னால் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டோம். இரண்டிலும் ஒரே பாட்டு, ஒரே அளவுச் சத்தம். முதல் தடவை இவர் கண்ணை மூடிக்கொண்டு, "இதான் நம்மது. காத்து தெரியுதுல்லா" என்றார். அது புதுப் பெட்டி. அடுத்ததைக் கேட்ட தங்கை வீட்டுக்காரர், "அடிச்சத்தம் எம்புட்டுக் கட்டுக்கோப்பா இருக்கு, இதான் எங்க பெட்டி" என்றார். அது எங்களுடையது. இருவரும் அடுத்தவர் பெட்டியைத்தான் உச்சிமுகர்ந்திருக்கிறார்கள். நான் வேட்டியை விலக்கிக் காட்டினேன். பிறகு இருவரும் ஒரே மனதாக, நான் வயரை மாற்றி மாட்டிவிட்டதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். பெட்டி விவகாரத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"ரூமுக்குத் தக்கன சத்தத்தைத் திருத்தாம கேட்டா எப்படித் தெரியும்?" என்று தங்கை வீட்டுக்காரர் போனை எடுத்தார். புதுப் பெட்டி ஸ்பீக்கர் வழியாக ஒரு ஒலியை விடுமாம். அடியிலிருந்து கிளம்பி மேலே மேலே ஏறிப் போகுமாம். போன் அதைக் கேட்டு, இந்த அறையில் எது கூடுதல், எது குறைவு என்று கண்டுபிடிக்குமாம். அதுவரை அறை அமைதியாக இருக்கவேண்டும். ஃபேனை நிறுத்தினோம். அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். "செத்த நேரம் யாரும் பேசாதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு என் பக்கம் தனியாக ஒரு பார்வை பார்த்தார்.

ஒலி கிளம்பியது. முதலில் லாரி நின்று உறுமுகிற மாதிரி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு ஊதலாகி ஏறியது. ஏறி மெலிந்து கொசுச் சத்தமாக ஆகிக்கொண்டிருந்தபோது, "அம்புட்டுதானா? முடிஞ்சிருச்சா?" என்றார் இவர். போனில் சிவப்பு எழுத்து வந்தது. அறையில் பேச்சுச் சத்தம், மறுபடியும் முதலிலிருந்து. தங்கை வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி விட்டார். அதே இடத்தில், "பரவால்ல தம்பி, இந்தத் தடவ சீக்கிரம் முடிஞ்சிட்டு" என்றார் இவர். மறுபடி சிவப்பு.

"அண்ணாச்சி, வேணும்னே கெடுக்கீயளா?"

"நான் என்னத்தக் கெடுத்தேன்? சத்தம் நின்ன பொறவுதான பேசுதேன்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தோற்றுப்போனது தெரிந்ததும் ஆட்டத்தைக் கலைக்கிறார் என்று நினைத்து, நாலு வார்த்தை கேட்கலாம் என வாயெடுத்தேன். அப்போதுதான் வீட்டில் இருப்பதே தெரியாத என் தங்கை என் கையைப் பிடித்தாள். "அக்கா, அத்தானுக்கு நெசமாவே கேக்கலக்கா."

நான் நம்பவில்லை. "இன்னொருக்க விடுங்க தம்பி" என்றேன். "எல்லாரும் கையத் தூக்கிக்கிடுங்க. சத்தம் கேக்குற வரைக்கும் தூக்கியே இருக்கணும், நின்னதும் எறக்கணும். யாரும் பேசக் கூடாது."

நாலு கைகள் மேலே போயின. லாரி உறுமியது, ஊதல் ஏறியது. அது மெலிய ஆரம்பித்த இடத்தில் இவர் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தேறிவிட்ட முகத்தோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் மூன்று கைகளும் மேலேயே இருந்தன. கூட்டுச் சேர்ந்து கேலி செய்கிறோம் என்று நினைத்து முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். காலடியில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் வருதா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை என்பதை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். கோபம்தான் வந்தது. இவர் கேட்டும் கேட்காதவர் மாதிரி இருக்கவில்லை, கேட்கவே இல்லை. அப்படியென்றால் நான் அழுததெல்லாம் எதற்கு? சத்தக்காரி என்று நான் பேர் வாங்கியது யாரால்? நாய்க்குக் காது கேட்காததை ஒரு வாரத்தில் கண்டுபிடித்து அதற்குத் தகுந்தபடி நடந்துகொண்ட எனக்கு, கூட இருக்கிற மனிதரைக் கண்டுபிடிக்க முப்பத்தைந்து வருடம் போதவில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் கோபம் திரும்பி என்மேலேயே விழுந்தது.

தங்கை வீட்டுக்காரர் நல்ல மனிதர். "புது மாடல்ல ஏதோ கோளாறு போல இருக்கு அண்ணாச்சி" என்று தன் பெட்டியையே காட்டிக்கொடுத்தார். அதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு குறை வந்தது அதுவே முதல் தடவை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இவரிடம் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். "அத்தான், மோர் ஊத்தட்டா?" என்று என் தங்கை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்னக்கா, என்னமும் சண்டையா?" என்று என்னைத்தான் கேட்டாள். அது நானில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

அடுத்த வாரம் மதுரையில் ஒரு காது டாக்டரிடம் போனோம். மில் இரைச்சலில் வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, அதனால் அவருக்கே தெரிந்திருக்காது என்றார். விசில், மணி, பெண்கள் குரல் எல்லாம்தான் முதலில் மங்குமாம். அப்படியென்றால் வயலினுக்கு நடுவில் இருந்த காற்று? "பழகுன பாட்டுதானம்மா. காது விட்டத மனசு போட்டு நிரப்பிக்கிடும்" என்றார் டாக்டர். என் பேச்சில் விட்டதையும் மனசு போட்டு நிரப்பியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

டாக்டர் அனுப்பிய கடையில் காது மெஷின் பொருத்துகிற பெண் இரண்டை எடுத்து வைத்தாள். ஒரே கம்பெனி, ஒரே உருவம். ஒன்றுக்கு மட்டும் பெயருக்குப் பின்னால் ஒரு வார்த்தை கூடுதல். இவர் உடனே சகலைக்குப் போன் போட்டார். அவர் அங்கிருந்தே இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். போனைப் பிடுங்கி என் பைக்குள் போட்டேன்.

அந்தப் பெண் பழைய பதிப்பை முதலில் பொருத்திவிட்டு, "ஏதாவது பேசுங்கம்மா, ஐயா கேட்டுச் சொல்லட்டும்" என்றாள். சட்டென்று என்ன பேசுவது என்று தெரியவில்லை. "கேக்குதாங்க?" என்றேன். முப்பத்தைந்து வருடப் பழக்கம், நேராக மூன்றாவதிலேயே.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, "ஏன் இப்படிக் கத்துத?" என்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நியாயமாக அங்கேயே ஒரு சண்டை போட்டிருக்கவேண்டும். அதற்குள் அவர் கைகளை எடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே, "மெல்லப் பேசு. கேக்குது" என்றார்.

"வீட்டுக்குப் போகையில நாய்க்கு பிஸ்கட் வாங்கணும்" என்றேன், மெல்ல.

"வாங்குவோம்" என்றார், தலை நிமிராமலே.

மெல்லச் சொன்ன என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். என் தங்கையின் குரல் மாதிரியே இருந்தது.