ஆறாம் வகுப்புக்கு ஓர் ஒத்திகை

“டீச்சர், இவளை ஃபெயில் ஆக்கிருங்க.”

பிள்ளையை எப்படியாவது பாஸ் போட்டுவிடுங்கள் என்று கேட்டு வந்த பெற்றோர்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பாஸ் போடாதீர்கள் என்று கேட்டு வந்தவர் பீர் பாத்திமா ஒருவர்தான். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, மாற்றுச் சான்றிதழ் எழுத உட்கார்ந்திருந்த நேரம். பீடி சுற்றும் தட்டை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். விரல் நுனியெல்லாம் புகையிலைத் தூள்.

“அஞ்சாப்புலயே இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் டீச்சர். ஒங்க கண்ணு முன்னால இருந்தா எனக்கு நிம்மதி.”

“அப்படியெல்லாம் நிறுத்த முடியாதும்மா. நிறுத்துனாலும் அடுத்த வருஷம் இதே நாளு வரும்லா?”

அவர் வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் நஸ்ரினைப் பார்த்தார். அழுதுவிடுவார் போலிருந்தது.

சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றங்கரை வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிற்றூரின் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் அப்போது தலைமையாசிரியை. என்னோடு இன்னொரு ஆசிரியை. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பஸ் ஏறித்தான் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு அது பெருநாள் மாதிரி. நஸ்ரின் வீட்டில் மட்டும் பயம்.

மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அந்தப் பிள்ளை திடீரென்று மெலிந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஒருநாள் மயங்கி விழுந்தவளைப் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோயிருந்தது. குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய். மாத்திரைக்குக் கட்டுப்படாது, சாப்பிடும் முன்பெல்லாம் ஊசி போட வேண்டும். அன்றிலிருந்து மதிய மணி அடிக்கும்போது பீர் பாத்திமா பள்ளி வாசலில் நிற்பார். என் அறையில் வைத்து மகளின் விரலில் குத்தி சுகர் பார்ப்பார், ஊசி போடுவார், சத்துணவுத் தட்டோடு அவள் உட்காருவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். மழை நாளிலும் தவறியதில்லை.

பெரிய பள்ளிக்கு அவர் தினமும் மதியம் எப்படிப் போவார்? பீடி சுற்றுவது யார்? கணவர் சவுதியில். வீட்டில் இன்னொரு கைக்குழந்தை.

“பேசாம படிப்ப நிறுத்திரலாம்னு அவுக வாப்பா சொல்லுதாக” என்றார்.

போகிற பிள்ளைகளுக்கும் ஒரு மே மாதம்

இளைய ஆசிரியர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மே மாதம் வந்தால் நாம் எல்லோரும் வீடு வீடாகப் போவோம். ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை பிடிக்க. எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கே ஆபத்து என்பதால் வெயிலைப் பார்க்க மாட்டோம். நான் இன்னொரு சுற்றும் போவேன், ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளின் வீடுகளுக்கு. “போற பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் அலையுதீங்க? அது அந்த ஸ்கூல்காரன் பாடு” என்று உடன் பணியாற்றியவர்களே கேலி செய்திருக்கிறார்கள்.

என்னிடம் படித்த ஒரு பையனால்தான் அந்த வழக்கம் வந்தது. நல்ல சூட்டிகையானவன். பெரிய பள்ளிக்குப் போன முதல் வாரத்திலேயே காய்ச்சலில் விழுந்து, இனிப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தான். கேட்டுக் கேட்டுப் பார்த்தபின் காரணம் சொன்னான். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒன்றுக்குப் போகாமலே அடக்கியிருக்கிறான். “மணிக்கு ஒரு சார் வாராவ டீச்சர். யாருகிட்ட கேக்கணும்னு தெரியல.” நான் அவனுக்குப் பின்னமும் வாய்பாடும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தேன். அவனுக்குத் தேவைப்பட்டது வேறு.

அதன்பிறகு மே மாதத்தில் கழிப்பறை எங்கே, குடிக்கிற தண்ணீர் எந்தக் குழாயில், பாடத்துக்குப் பாடம் ஆசிரியர் மாறினால் புத்தகத்தை எப்படி எடுத்து வைப்பது, எந்த பஸ்ஸில் ஏறக் கூடாது என்பதையெல்லாம் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்வேன். நஸ்ரினுக்கும் அதைத்தான் செய்தேன். கொஞ்சம் கூடுதலாக.

ஊசி கை மாறியது

முதல் வேலை, ஊசி அம்மா கையிலிருந்து மகள் கைக்கு வர வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஏற்கனவே சொல்லியிருந்தார், இந்த வயதில் பழக்கிவிடலாம் என்று. பீர் பாத்திமாதான் கேட்கவில்லை.

“பச்சப் புள்ள கையில ஊசியக் குடுக்கச் சொல்லுதீங்களே டீச்சர், நெஞ்சு பொறுக்குமா?”

அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சவுதியிலிருந்து வீடியோ கால் வந்தது. நஸ்ரினின் தகப்பனார் வேலை உடுப்போடு ஏதோ ஒரு சுவரோரம் நின்று பேசினார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். கெஞ்சினார்.

“டீச்சர், நான் இங்கன கெடந்து கஷ்டப்படுததே அவளுக்காகத்தான். புள்ள உசுரோட இருந்தாப் போதும். படிக்காட்டா என்ன?”

“அவ உசுரோட இருக்கணும்னுதான் நானும் சொல்லுதேன் தம்பி. வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா சுகர் எறங்காம இருந்துருமா? இன்னைக்கு ஒங்க வீட்டம்மா பக்கத்துல இருக்காவ. நாளப்பின்ன அவ தனியா நிக்கணும்லா? தன்னத் தானே பாத்துக்கிடத் தெரிஞ்சாத்தான் உசுருக்கே பத்திரம்.”

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அவள்ட்டயே கேளுங்க” என்றார்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. அது மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்தில் இருந்தவள் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். பேனா போலிருக்கும் அந்த ஊசியை எடுத்து, அம்மா செய்வதைப் போலவே அளவைத் திருகினாள். என்னிடம் ஒருமுறை, அம்மாவிடம் ஒருமுறை அளவைக் காட்டிக்கொண்டாள். சட்டையைக் கொஞ்சம் தூக்கி வயிற்று மடிப்பில் குத்திக்கொண்டாள். பீர் பாத்திமா சுவர்ப்பக்கம் திரும்பி வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டார்.

“ம்மா” என்றாள் நஸ்ரின். “நீ குத்துதத விட நான் குத்துனா வலிக்கவே இல்ல.”

போனில் அவள் வாப்பா சிரித்துவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தாயும் சிரித்தார், அழுகையோடு. அந்த விடுமுறை முழுக்க அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள, மகளே போட்டுக்கொண்டாள்.

பெரிய பள்ளி

அடுத்தது பெரிய பள்ளியின் தலைமையாசிரியர். தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர்தான். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“டீச்சர், ஊசி கீசின்னு ஸ்கூல்ல வேண்டாமே. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?”

அவர் பயம் நியாயமானது. நான் வாதாடவில்லை. “ஒங்களுக்கு என்னென்ன தெரியணுமோ அவள்ட்டயே கேளுங்க சார்” என்றேன்.

“எங்க அப்பாவுக்கும் சுகர்தான். மாத்திரை போடுதாவ. ஒனக்கு மாத்திரை இல்லயா பாப்பா?”

“அது வேற சுகர் சார். எனக்கு ஊசிதான் கேக்கும்.”

“மயக்கம் வந்தா?”

“மயக்கம் வரதுக்கு முன்னாலயே தெரிஞ்சிரும் சார். கை நடுங்கும், வேத்துக் கொட்டும், கோவம் கோவமா வரும். அப்பம் மிட்டாயோ குளுக்கோஸோ தின்னுட்டு உக்காந்தாச் சரியாயிரும். வகுப்புல மிட்டாய் தின்னா அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

அவர் சிரித்தபடி உட்கார்ந்தார். ஆறாம் வகுப்பு ஆசிரியையையும் உடற்கல்வி ஆசிரியரையும் அழைத்துவரச் சொன்னார். நஸ்ரின் முதலிலிருந்து மறுபடி எல்லாம் சொன்னாள். ஊசி போட ஆபீஸ் அறையில் ஒரு மூலையும், மருந்து சூடேறாமல் இருக்க ஒரு மண்பானையும் ஏற்பாடாயிற்று. பானைக்குள் தண்ணீர் படாமல் டப்பாவை எப்படி வைப்பது என்று பீர் பாத்திமா காட்டிக்கொடுத்தார். அன்று அந்தப் பள்ளியில் அவர் வாய் திறந்து பேசியது அந்த ஒரு விஷயம்தான். ஆனால் தெளிவாகப் பேசினார்.

பஸ் ஒத்திகை

பள்ளி திறப்பதற்கு முந்திய வாரம், ஆறாம் வகுப்புக்குப் போகிற எல்லாப் பிள்ளைகளையும் அவர்கள் அம்மாமார்களையும் சேர்த்து பஸ் ஏற்றினேன். மகளிருக்கு டிக்கெட் இலவசம் என்பதால் யாரும் தயங்கவில்லை. கண்டக்டர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், எந்த ஊர்ல கல்யாணம்?” என்றார்.

“ஸ்கூல் தொறக்கப் போவுதுல்லா அண்ணாச்சி. அதுக்கு ஒத்திகை.”

எந்தப் படியில் ஏறுவது, பையை எங்கே வைப்பது, இறங்கியபின் சாலையை எந்த இடத்தில் கடப்பது எல்லாம் நடந்து பார்த்தோம். வழியில் நஸ்ரினின் நோயைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பீர் பாத்திமாவுக்கு அது பிடிக்கவில்லை. பெண் பிள்ளையின் சீக்கை ஊரறியச் சொல்லலாமா என்று காதோரம் கேட்டார். “கூட இருக்குதவங்களுக்குத் தெரியாட்டாத்தான் ஆபத்து” என்றேன். நஸ்ரினின் சேக்காளி இசக்கியம்மாள், எங்கள் பள்ளியிலேயே பெரிய வாயாடி, “அவளுக்கு நடுங்குனா நான் பாத்துக்கிடுதேன் டீச்சர்” என்று கையை உயர்த்தினாள். பிள்ளைகள் எல்லோர் பையிலும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் போட்டுவைத்தேன். கண்டக்டரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளி திறந்தது. முதல் நாள் பீர் பாத்திமா மதியம் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்ததாகச் சொன்னார். மகள் சாயங்காலம் சிரித்த முகத்தோடு இறங்கி வந்தாளாம்.

கால்வாய்ப் பாலத்தில்

இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம். திரும்பி வருகிற பஸ் கன்னடியன் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுபோயிற்று. டிரைவர் இறங்கி இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வயல். கடை கண்ணி கிடையாது. அன்றைக்கு நஸ்ரினுக்குக் கடைசிப் பிரியடில் விளையாட்டு. நன்றாக ஓடியிருக்கிறாள். பையில் இருந்த மிட்டாயை அப்போதே தின்று தீர்த்திருந்தாள்.

நடந்ததை இசக்கியம்மாள் வாயால் கேட்டேன். நஸ்ரினிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். அவள் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். பிறகு காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். நெற்றியைத் தொட்டால் ஈரம், சில்லென்று இருந்தது. இசக்கிக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகளிடம் குளுக்கோஸைக் கேட்டால் எல்லோரும் திருதிருவென்று விழித்திருக்கிறார்கள். நான் கொடுத்த பொட்டலங்களைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே நக்கித் தீர்த்துவிட்டார்கள், இசக்கியம்மாள் உட்பட!

அவள் பஸ் அதிரக் கத்தினாள். “அண்ணாச்சி! நஸ்ரினுக்குச் சுகர் எறங்கிட்டு!”

கண்டக்டர் வெளியிலிருந்து ஓடிவந்தார். தோல்பைக்குள் கையை விட்டுத் துழாவி மிட்டாய்களை எடுத்தார். “டீச்சர் அன்னைக்குச் சொன்னதுலருந்து இதுல மிட்டாய் போட்டு வச்சிருக்கேன்” என்றாராம். நஸ்ரின் வாயைத் திறக்காமல் முரண்டு பிடித்தாள். அந்த நேரத்துக் கோபம் அப்படித்தான் இருக்கும். “ஏட்டி, தொறக்கியா இல்லயா?” என்று அதட்டி இசக்கியம்மாள் ஊட்டினாள். ஒரு பாட்டில் மாம்பழ ஜூஸோடு வந்த பயணி ஒருவர் அதையும் நீட்டினார். பைய பைய நடுக்கம் நின்றது. விரலில் குத்திப் பார்த்து, சுகர் ஏறியதை உறுதிசெய்து, கண்டக்டரின் போனை வாங்கி நஸ்ரினே வீட்டுக்குப் பேசினாள்.

“ம்மா, சுகர் எறங்கிட்டு. மிட்டாய் தின்னுட்டேன், இப்பம் ஏறிட்டு. பஸ்ஸு ரிப்பேரு, வர லேட்டாவும். பயப்படாத.”

அன்று இருட்டும் முன்பே பீர் பாத்திமா என் வீட்டுக்கு வந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்போகிறேன் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உட்காரக்கூட இல்லை.

“டீச்சர், பிள்ளைங்க கையில குளுக்கோஸக் குடுத்தா தின்னுதான் தீக்கும். இனி அது வேண்டாம். பைக்குள்ள அடில ஒரு பை தச்சு, அதுல வச்சு மூடிருதேன். வெளையாட்டு இருக்க நாளு மூணு மணிக்கே பிஸ்கட்டு திங்கச் சொல்லணும். அந்த பி.டி. சார்ட்ட நீங்க சொல்லுவீங்களா, இல்ல நானே போயிச் சொல்லட்டா?”

“நீங்களே போங்க” என்றேன்.

அவரே போனார். மறுநாளே.

பாபநாசம் பக்கம் ஒரு வீடு

அந்தக் கல்வியாண்டோடு எனக்கு ஓய்வு. அடுத்த மே மாதம், வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு பீர் பாத்திமாவிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு தாயைப் பார்த்தாராம். பாபநாசம் பக்கத்துக் கிராமம். ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளைக்கு இதே நோய். சேர்க்கப்போவதில்லை என்று சொல்லுகிறாளாம். “நீங்களும் வாங்க டீச்சர், ஒரு எட்டுப் போயிட்டு வருவோம்.”

போகும் வழியெல்லாம் அந்தத் தாயிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் கோத்துக்கொண்டே போனேன். வீட்டுக்குள் நுழைந்து நான் தொண்டையைச் செருமியதும் பீர் பாத்திமா என் கையைத் தொட்டார்.

“நீங்க செத்த இருங்க டீச்சர். நான் பேசுதேன்.”

பேசினார். பயப்படாதே என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மதியம் என்ன சாப்பிடுவாள், எந்த நேரத்தில் சுகர் இறங்குகிறது, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். கடைசியில் எழுந்து, “வாங்க, அந்த ஸ்கூல ஒரு நடை பாத்துட்டு வந்துருவோம்” என்று அந்தத் தாயின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

புதிய கல்வியாண்டுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவது என்றால் பையும் சீருடையும் வாங்குவது என்று வேலையில் சேர்ந்த காலத்தில் நினைத்திருந்தேன். வீட்டின் பயத்தை உட்கார்ந்து கேட்பதும், அந்தப் பயத்துக்கு ஒவ்வொன்றாக வழி செய்வதும்தான் வேலை என்று புரிய எனக்குப் பல மே மாதங்கள் ஆயின. அந்த வேலையைச் சரியாகச் செய்துவிட்டால் பிறகு நம் தேவை குறைந்துவிடும். அதில் வருகிற பெருமைக்கு ஈடாக எந்த விருதையும் சொல்ல மாட்டேன்.

வீட்டில் நானும் அந்தக் குட்டியும்தான் இருந்தோம். தெருவில் போகிற இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க யாரு?”

“அந்தா போறாவல்லா, அவியகூட வந்தேன்” என்றேன்.