பட்டுக்கூட்டைக் குலுக்கியவர்

மொரப்பூரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒடிசலான ஆள், மடியில் பட்டுக்கூடு மூட்டை. தருமபுரிக்கு, ஏலத்துக்கு. அடிக்கடி ஒரு கூட்டை எடுத்துக் காதருகே குலுக்கி, உள்ளே காய்ந்த புழு மெல்லக் கடகடப்பதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே மார்கழிப் பனியில் தோப்புகள் மிதந்து போயின. என் மனச்சோர்வு மாத்திரை அட்டையை அந்தப் பனிக்குள் எறியக் கையை நீட்டினேன்.

“அதேதான் நானும் போடறனுங்க,” என்றார். “எத்தன நாளாச்சுங்க?”

“பன்னெண்டு நாள். வேர்க்குது, நெஞ்சு படபடங்குது. மனசு மட்டும் அப்படியே கிடக்குது.”

“மூளையில நார்அட்ரினலின்னு ஒண்ணு இருக்குதாமுங்க. ஒரு நரம்பு அதை வுட்டுத்தான் அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லுதாம். சொன்னதும் திரும்ப உறிஞ்சிக்குமாம். மாத்திரை அந்த உறிஞ்சறதத் தடுக்குது, சேதி கொஞ்சம் அதிக நேரம் நிக்குது. டாக்டரு சொன்னாரு. அது மொத நாளே ஆரம்பிச்சிடுமாம். மனசு தெளியத்தான் வாரக்கணக்காகுமாம்.”

“ஏன் அவ்வளவு நாள்?”

“அவங்களுக்கே முழுசாத் தெரியலையாமுங்க.” கூட்டைக் குலுக்கினார். “புழு தோலுரிக்கறப்போ தலையத் தூக்கிக்கிட்டு ஒரு நாளு அசையாது, தழை தின்னாது. மொத வருசம், செத்துப்போச்சுன்னு ஒரு தட்டையே குப்பையில கொட்டிட்டனுங்க. மக்கா நாளு பாத்தா, குப்பை மேல எல்லாம் முழிச்சிக்கிட்டு தழை தேடுது.”

அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் மூட்டையோடு இறங்கிப் போனார்.

எனக்கு இப்போது பரவாயில்லை. சில காலைகளில் அந்த மெல்லிய கடகட சத்தம் காதில் கேட்கிறது. அவருக்கு மாத்திரை கேட்டதா என்று நான் விசாரிக்கவே இல்லை.