மெஷினைக் காப்பாற்றும்படி கேட்டேன்

இயேசுவில் அன்பானவர்களே, ஆண்டவர் செபத்தைக் கேட்டார் என்று எல்லாரும் தலை நிமிர்ந்து சொல்வார்கள். நான் தலை குனிந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாபநாசம் பக்கம் வயல்களுக்கு ட்ரோன் மூலம் மருந்து அடிப்பது என் பிழைப்பு. போன சம்பாவில், ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த வாரம், எங்கு பார்த்தாலும் இலைச்சுருட்டுப் புழு. போன் ஓயவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. கலியபெருமாள் அண்ணன் வயலுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில்.

அவர் வயலுக்கு மேலே மின்கம்பி போகிறது. ஊறிய மண்ணில் ஒரு போஸ்ட் சாய்ந்து, கம்பிகள் தொய்ந்திருந்தன. கம்பிக்குப் பக்கத்தில் தாழப் பறக்கக் கூடாது, பறக்கும்போது அருகில் ஆள் இருக்கக் கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நானும் கம்பிக்குக் கீழே ஒரு பட்டையை விட்டுவிட்டுத்தான் அடித்தேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை.

"நடுவுல விட்டுட்டுப் போனா எப்படி தம்பி? புழு அங்கேருந்து கிளம்பி மறுபடியும் மொத்தத்தையும் தின்னுடும். த்ரீ பேஸ் போயி ரொம்ப நேரமாச்சு. ஒரு மோட்டாராவது ஓடுதா பாருங்க. கம்பியில கரண்டே இல்ல."

பம்புசெட் மோட்டாருக்கு வருவது த்ரீ பேஸ். அது நின்றுவிட்டால் எங்கள் பக்கம் எல்லாரும் 'கரண்ட் இல்லை' என்றுதான் சொல்வோம். வீட்டு விளக்குக்கான மின்சாரம் அப்போதும் அதே கம்பிகளில் ஓடிக்கொண்டிருக்கும். இது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று அவர் சொன்னதற்குத் தலையாட்டினேன். அடுத்த வயலில் சகாயமேரி அக்கா தனியாகக் களை எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான். அவரைக் கரையேறச் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேர வேலைதானே என்று விட்டுவிட்டேன்.

கம்பிக்கு அடியில் நுழைந்த ட்ரோன் திரும்பும்போது லேசாக மேலே எழும்பியது. விசிறி கம்பியில் மாட்டியது. பொறி பறந்தது. ஒரு கம்பி அறுந்து வரப்பின் மேல் குறுக்காக விழுந்து, அதன் முனை தண்ணீருக்குள் போனது. ட்ரோன் மற்ற கம்பிகளில் சிக்கிப் புகைந்தபடி தொங்கியது.

"மாதாவே, என் மெஷினக் காப்பாத்தும்மா" என்று கத்தினேன். என் வாயிலிருந்து வந்த முதல் செபம் அதுதான்.

அதை எடுக்க வயலில் இறங்கக் காலைத் தூக்கினேன். அப்போதுதான் வரப்போரம் சின்ன மீன்கள் மல்லாந்து மிதப்பதைப் பார்த்தேன். கம்பியில் மின்சாரம் இருந்தது.

சகாயமேரி அக்கா அந்த வரப்புக்கு அப்பால், நன்றாகத் தள்ளி, கணுக்கால் தண்ணீரில் நின்றார். அவர் வெளியே வர இருந்த வழி அந்த வரப்பு ஒன்றுதான். யாருக்காவது ஒன்று என்றால் முதலில் ஓடிவருகிறவர் அவர். வராதீர்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அண்ணன் லைன்மேனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஈரத் தரையில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, மெஷின் போகட்டும். அவங்க கால் மட்டும் நகரக் கூடாது. அவங்கள அங்கேயே நிறுத்தும்."

அவர் நின்றார். கையில் பிடுங்கிய களையோடு, கண்ணை மூடி, உதடு அசைய, அப்படியே நின்றார். லைன்மேன் ரோட்டு டீக்கடையில்தான் இருந்திருக்கிறார். ஓடிப்போய் டிரான்ஸ்பார்மரில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, "இனிமே வரலாம்" என்று அவரே வந்து சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ட்ரோன் அதற்குள் கருகிப் போயிருந்தது.

அக்கா கரையேறி என்னிடம் வந்தார்.

"மெஷின் போச்சா தம்பி? நீங்க மாதாவக் கூப்பிட்டது கேட்டுச்சு. அது கீழ விழுந்துடக் கூடாதுன்னு நானும் ஒரு ஐம்பத்துமூணு மணி செபமாலை சொல்லிக்கிட்டே நின்னேன். குடுத்து வைக்கலியே."

தன் உயிர் போக இருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. என் மெஷினுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததால் நின்றிருக்கிறார். அது நல்லபடியாக இறங்கியிருந்தால் சந்தோஷத்தில் நேரே என்னிடம் நடந்து வந்திருப்பார், அந்த வரப்பு வழியாக.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. காற்று தள்ளிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்காகக் காணிக்கை போட்டு வேண்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டபோது, கோயிலுக்குள் போகாமல் வாசலோடு திரும்பிவிட்டேன்.

இதை எழுதுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எம் பொண்ணு பிளஸ் டூ படிக்குது தம்பி" என்றார். அவருக்கு அந்தப் பெண், அந்தப் பெண்ணுக்கு அவர். வேறு யாருமில்லை.

இப்போது வேறொருவருடைய ட்ரோனைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறேன். சுற்றிலும் உள்ளவர்கள் ரோட்டுக்குப் போன பிறகுதான் விசிறியைச் சுழலவிடுவேன். கம்பிக்குக் கீழே உள்ள பட்டையைக் கைத்தெளிப்பானுக்கு விட்டுவிடுவேன். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும். தினமும் செபிக்கிறேன், ஆனால் இதைக் கொடும் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நன்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

நீங்களும் ஆண்டவரை நம்புங்கள். கேட்டது கிடைக்காத நாளிலும் நம்புங்கள். நான் முதலில் கேட்டதை ஆண்டவர் கொடுத்திருந்தால், அந்தப் பெண் இந்தப் பங்குனியில் தாயில்லாமல் பரீட்சை எழுதியிருக்கும்.