துவக்குக்கு முன்னால் மான் கலைத்தது

துவக்கு வைத்திருக்கிறவனுக்கு வேட்டை விளையாட்டு. மான் கலைக்கிறவனுக்குக் கூலிவேலை. எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் பக்கக் காடொன்றில் அந்த வேலை பார்த்தேன். என்னைப்போல அகதியாக வந்து, கிடைத்ததைச் செய்த உங்களுக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. தடியால் மரத்தைத் தட்டிக்கொண்டு வரிசையாக நடக்கவேணும். மான் வெளிக்கிட்டு ஓடும். அங்கால் நிற்பவர்கள் சுடுவார்கள். அவ்வளவுதான்.

முதல் வெடி

மன்னார்ச் சூசையும் என்னோடு வந்தான். ஊரில் சந்தைக்குப் போன அவனுடைய தம்பி திரும்பி வரவில்லை. அதைப்பற்றிக் கதைக்கமாட்டான்.

முதல் வெடி கேட்டதும் நாங்கள் இரண்டு பேரும் குப்புற விழுந்துவிட்டோம். ஊரில் பழகின உடம்பு. வரிசை அறுந்தது. அந்த இடைவெளியால் மான்கள் முழுக்கப் பின்பக்கம் போய்விட்டன. காட்டுக்காவலர் பெண்ட் என்பவர் ஓடிவந்தார். ஏச்சு விழப்போகுது என்று எழும்பினோம். எங்கள் முகத்தில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார்.

"விழவேணுமெண்டா விழுங்கோ. ஆனா இரண்டு பேரும் ஒரேயடியா விழாதேங்கோ."

வைக்கோல் கட்டு

பெண்டுக்கு ஒரு கண்டிப்பு. வேட்டைக்கு முன் எல்லாரும் வைக்கோல் கட்டில் குத்திய கடதாசியைச் சுட்டுக் காட்டவேணும். தவறினவருக்கு அன்றைக்குத் துவக்கு இல்லை. ஒரு பல் டொக்டர் தவறவிட்டார். பேசாமல் தடியை எடுத்துக்கொண்டு எங்களோடு நடந்தார். நல்ல மனுசன்.

காட்டுச் சொந்தக்காரர் மட்டும் கடதாசிப் பக்கமே போகவில்லை. பெண்டுக்குச் சம்பளமும் அவர்தான், குடியிருந்த வீடும் அவருடையதுதான். பெண்ட் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

"என்ர காட்டிலை எனக்குச் சோதினையோ?" என்றார் சொந்தக்காரர்.

பெட்டை மான்

குட்டியோடு வருகிற பெட்டையைச் சுடக்கூடாது. சுடுவதென்றால் முதலில் குட்டி, பிறகுதான் தாய். தாயில்லாத குட்டி பனிக்காலம் தாண்டாது. இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சொந்தக்காரர் ஓடுகிற தாயைச் சுட்டார். "வெடி படேல்லை, தவறிப்போச்சு" என்றார். பெண்ட் போய்ப் புல்லைப் பார்த்தார். இரத்தம், எலும்புத்துண்டு. வேட்டையை நிறுத்தினார். விருந்தாளிகளுக்குச் சூப் ஆறுகிறது என்று முணுமுணுப்பு. பெண்ட் கேட்கவில்லை. மோப்ப நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தார், நாங்கள் பின்னால். சதுப்பு, முள், திரும்பவும் சதுப்பு. பொழுதுபடுகிற நேரம் நாய் ஒரு இளம் பைன் தோப்பில் நின்றது. தாய் படுத்திருந்தது, முன்னங்கால் தொங்கியது. குட்டி பக்கத்தில் நின்றது, ஓடவில்லை. பெண்ட் முதலில் குட்டியைச் சுட்டார்.

திரும்பி வரும்போது சூசைதான் கதைத்தான்.

"காணாமப் போனா இப்பிடித்தான் தேடவேணும், அண்ணை."

வரிசை

வேட்டை முடிந்தால் செத்த மிருகங்களை நிலத்தில் பரப்பிய பைன் கிளைகளில் வரிசையாகக் கிடத்துவார்கள். கொம்பு ஊதுவார்கள், தொப்பியைக் கழற்றுவார்கள். ஒருவரும் மேலால் கடந்து போகக்கூடாது. அன்றைக்குச் சொந்தக்காரர் வந்து பெண்டின் காதுக்குள், அந்த இரண்டையும் வைக்கவேண்டாம் என்றார். பெண்ட் தாயையும் குட்டியையும் முன்னுக்குக் கிடத்தினார். யார் சுட்டது, எப்படிச் சுட்டது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கொம்பு ஊதுகிறவர் ஊத மறந்து நின்றார்.

அந்தக் கிழமையே பெண்டுக்கு வேலை போச்சு. வேலையோடு வீடும். கட்டில், மேசை, நாய்க்கூடு எல்லாவற்றையும் நானும் சூசையும்தான் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொடுத்தோம். அந்த நேரம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே என்று சூசை அரைகுறை டேனிஷில் கேட்டான். பெண்ட் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"இது வாய் திறந்ததுக்கில்லை. அண்டைக்குக் காலமை கடதாசிக்கு முன்னாலை வாயை மூடினேனே, அதுக்கு."

டென்மார்க் வேட்டைச் சட்டம் மானுக்கு நல்ல சட்டம். காவலருக்கென்று அதில் ஒரு வரிகூட நான் காணவில்லை.