தூசிக்குக் கருப்பட்டி

பலாங்கொடைத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். என் மகன் கொழும்பில் டைல்ஸ் வெட்டிப் பதிக்கும் பாஸ்; கைதேர்ந்த தொழிலாளியை இங்கே அப்படித்தான் அழைப்போம். வேலைத்தளத்தில் அவனுக்கு மூச்சு இழுக்கும். விடுமுறைக்கு வீடு வந்தால் தணிந்துவிடும். அந்த வேறுபாட்டை நான் ஆராயவில்லை. தூசியை இறக்கிவிடும் என்று தோட்டத்தில் எல்லோரும் நம்பிய கித்துல் பனைக் கருப்பட்டியைக் கட்டிக்கொடுத்தேன். மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் வேறென்று கரும்பலகையில் வரைந்து காட்டியவனும் நானே.

முப்பது வயதில், வேலைத்தளத்திலேயே மூச்சுத்திணறி இறந்தான்.

இழவு வீட்டில், அவனை வேலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர் சொன்னார்: “தூசி குடிக்காம பாஸ் ஆக முடியுமாங்க, மாஸ்டர்?”

“நீங்க எத்தனை வருஷம் குடிச்சீங்க?” என்றேன். தேநீரை வைத்துவிட்டுப் போனார்.

ஆள் சேர்க்க அவருடைய வேன் இன்றும் தோட்டத்துக்கு வருகிறது. முகமூடி உண்டா, வெட்டும்போது தூசி பறக்காமல் தண்ணீர் ஊற்றுவீர்களா என்று கேட்டு, பதில் வரும்வரை அதன் கதவை மறித்து நிற்கிறேன்.