ஆர்வோ ராந்தலாவின் முதுகில் எண்பது கட்டங்கள்

2019 அக்டோபர் 12. பிசின் களிம்பு, ஒரு டப்பா. 0 டாலர்.
2019 நவம்பர் 4. அரிப்புக் களிம்பு. 8 டாலர் 49 சென்ட்.
2020 பிப்ரவரி 18. ஓட்ஸ் குளியல் தூள். 11 டாலர் 99 சென்ட்.
2021 ஜூன் 2. ஸ்டீராய்டு களிம்பு. 34 டாலர்.
2021 டிசம்பர் 20. பசுவின் மடிக்குத் தடவும் களிம்பு. 12 டாலர் 75 சென்ட்.
2022 செப்டம்பர் 9. பருத்தி உள்ளாடை, ஆறு. 41 டாலர்.

ஆர்வோ ராந்தலாவின் அரிப்புக்கு ஆன செலவு இது. ரசீதுகளை அவன் அடுப்பில் போட்டுவிடுவான் என்பதால் அவன் மனைவி டெல்மா அவற்றை என்னிடம் கொடுத்துவைப்பாள். நான் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் சாலையில் விழும் பனியை 1974 முதல் அங்குலக் கணக்கில் குறித்துவருகிறேன். இந்தப் பட்டியலும் அதே நோட்டில்தான் இருக்கிறது.

ஆர்வோ 1946இல் பிறந்தான். ஹான்காக் என்ற ஊருக்கு வடக்கே அவன் அப்பா நிலம் வாங்கியபோது முதலில் கட்டியது வீட்டையல்ல, சூடான கல்லின் ஆவியில் வியர்க்கும் மர அறையான சவுனாவை. முதல் குளிர்காலத்தைக் குடும்பமே அதற்குள்தான் கழித்தது. ஆர்வோ பிறந்ததும் அதற்குள்தான், கீழ்ப் பலகையில். பிறகு முப்பத்தோரு வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டினான். என் தபால் பெட்டியை நான்கு முறை சாய்த்திருக்கிறான், தேதிகள் உள்ளன. செவ்வாயும் சனியும் அவன் சவுனா சூடேறும். கல்லில் தண்ணீரை ஊற்றிவிட்டு மேல் பலகையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து வியர்ப்போம். 2022 வரையிலான ஐம்பத்திரண்டு வருடத்தில் அவன் தவறவிட்டவை இரண்டே சனிக்கிழமைகள். இரண்டும் குடல்வால் அறுவை சிகிச்சையால்.

2019 அக்டோபரில் விறகு அடுக்கிலிருந்து சறுக்கி விழுந்து பின்தொடையைச் சிராய்த்துக்கொண்டான். நான் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பிசினைக் காய்ச்சி எடுத்த களிம்பைக் கொடுத்தேன். ஒன்பது நாளில் காயம் ஆறிவிட்டது. அதன் பிறகுதான் அரிப்பு தொடங்கியது. தொடையில் ஆரம்பித்து இடுப்பு வரை ஏறியது. தேவாலயத்தில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதெல்லாம் ஆர்வோ பின்பக்கத்தை இருக்கையின் மூலையில் தேய்த்துக்கொள்வான். அதைப் பார்த்துப் பின்வரிசைக்காரர்கள் பாட்டை நிறுத்திவிடுவார்கள்.

2022இல் இரண்டரை மணி நேரப் பயணத் தொலைவிலிருந்த பெரிய மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடப்பதாக டெல்மா கேள்விப்பட்டாள். ஒவ்வாமை தரக்கூடிய எண்பது பொருள்களை எட்டு ஒட்டுப் பட்டைகளில், பொருளுக்கு ஒரு கட்டமாக வைத்து மேல்முதுகில் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து வீட்டிலேயே பட்டையைப் பிரித்து, நான்காம் நாளும் ஏழாம் நாளும் முதுகைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படத்தைக் கணினியும் பார்க்கும், மருத்துவரும் பார்ப்பார். இருவர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்பதே ஆய்வு. படமெடுக்க ஆள் வேண்டுமென்று டெல்மா என்னிடம் வந்தாள்.

"அவன் முதுகை அளவுகோல் வச்சுப் படம் எடுக்கிற ஆள் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான்."

படிவத்தில் 'பயன்படுத்தும் மருந்துகள்' என்ற கேள்வி இருந்தது. ஆர்வோ தானே நிரப்பினான். எனக்குக் காட்டவில்லை.

நவம்பர் 14, திங்கள், பட்டைகளை ஒட்டினார்கள். ஏழு நாள் குளிக்கக் கூடாது, முதுகு நனையக் கூடாது என்று தாளில் எழுதியிருந்தது. மறுநாள் செவ்வாய், நவம்பர் 15, மான் வேட்டை தொடங்கும் நாள். அன்று நான் என் தங்கை வீட்டுக் காட்டில் இருந்தேன். புதன் காலை பட்டையைப் பிரிக்கப் போனபோது ஆர்வோ சட்டையைக் கழற்ற மறுத்தான். டெல்மா கழற்றினாள். முதுகு முழுக்கச் சாம்பல் நிற அகல ஒட்டு நாடா, டக்ட் டேப்.

"என்னடா இது?"

"பட்டை கழண்டுபோச்சு. திரும்ப ஒட்டினேன்."

"உன் முதுகுல நீயே எப்படி ஒட்டுன?"

"தரையில டேப்பைத் திருப்பிப் போட்டு, அது மேல பட்டையை வரிசையா அடுக்கி, அப்படியே மல்லாந்து படுத்தேன்."

"என்ன வரிசை?"

"பார்க்க நல்லாயிருந்த வரிசை."

"ஒரு மணி நேரம் எந்திரிக்கவே முடியல இவனால. நான்தான் தரையோட சேர்த்துப் பிச்சு எடுத்தேன்" என்றாள் டெல்மா.

நான் விதிப்படி நான்காம் நாள் படம் எடுத்து அனுப்பினேன். ஆய்வை நடத்திய பெண் மருத்துவர் ப்ரூபேக்கர் ஆர்வோவைத் தொலைபேசியில் அழைத்தார், நானும் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன்.

"மிஸ்டர் ராந்தலா, உங்க முதுகுல செவ்வகமா ஒரு சிவப்பு இருக்கு. அந்த வடிவத்துல எங்ககிட்ட எந்தச் சோதனையும் இல்ல. கம்ப்யூட்டர் அதை டேப்னு சொல்லுது."

"கம்ப்யூட்டர் கெட்டிக்காரன்தான்."

"குளிக்கக் கூடாதுன்னு தாள்ல போட்டிருந்தோமே?"

"நான் எங்க குளிச்சேன், டாக்டரம்மா? சவுனாவுக்குத்தான் போனேன்."

"அதுவும் குளியல்தானே?"

ஆர்வோ தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். "இந்த அம்மா எந்த ஊரு?"

"இண்டியானா. அங்க சவுனா கிடையாது."

"பாவம்" என்றான்.

சோதனை 2023 பிப்ரவரி 6க்குத் தள்ளிப்போனது. இந்த முறை டெல்மா சவுனாவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். செவ்வாய் சவுனா சூடேறவில்லை. சனிக்கிழமை எனக்கும் தன் அக்கா மகனுக்கும் மட்டும் திறந்துவிட்டாள். நாங்கள் கல்லில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் வெளியிலிருந்து சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், ஆர்வோ கம்பளிக் கோட்டோடு பனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒரு கரண்டி பத்தாதுடா. ரெண்டா ஊத்து. சத்தமாவது நல்லா கேக்கட்டும்."

அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி. வியர்க்க வாய்ப்பே இல்லை என்பதால் டெல்மா அவனை விட்டுவிட்டாள்.

பிப்ரவரி 10இலும் 13இலும் எடுத்த படங்களில் ஒரே ஒரு கட்டம் சிவந்து தடித்திருந்தது. இருபதாம் தேதி அறிக்கை வந்தது. கணினியும் மருத்துவரும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள்: பைன் வகை மரங்களின் பிசின். டெல்மா அடுப்படி மேசையில் சத்தமாக வாசித்தாள்.

"'ஒட்டுப் பசைகள், சில வகைக் களிம்புகள், பிசின் கசியும் மரப் பலகைகள். இவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.'"

ஆர்வோ எழுந்து சன்னலுக்குப் போனான். முற்றத்துக்கு அப்பால் சவுனா. சுவர் பைன், பலகை பைன். எல்லாம் அவன் அப்பா அறுத்தவை. சூடு ஏறினால் இன்றும் கணுக்களிலிருந்து பிசின் துளிர்க்கும். அவன் அங்கேயே நின்றான். ஒரு கேலியும் வரவில்லை. எனக்கு அது புதிது.

"போகட்டும். சொறிஞ்சுக்கிட்டே இருந்துட்டுப் போறேன்" என்றான். "அதை மட்டும் விடமாட்டேன்."

நான் நோட்டைப் புரட்டினேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. முதல் வரியில் நின்றேன். பிசின் களிம்பு, ஒரு டப்பா.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றாள் டெல்மா. "மூஞ்சி வெளுத்துப்போச்சே."

"களிம்பு" என்றேன். "என்னோடது. அதுல முக்கால்வாசி பிசின்தான்."

"அது ஒரு டப்பாதானே குடுத்த?"

நோட்டில் பின்பக்கமாகத் தனிப் பட்டியல் இருந்தது. அரிப்பு அதிகமாகிறது என்று அவன் சொன்ன ஒவ்வொரு முறையும் நான் ஒரு டப்பா கொடுத்திருக்கிறேன். தேதியோடு.

"பதினொண்ணு."

ஆர்வோ சன்னலிலிருந்து திரும்பினான். "ஆமா, தினமும் ரெண்டு வேளை, சவுனா முடிஞ்சதும் இன்னொரு வேளை தடவுவேன். சூடா இருக்கும்போது நல்லா இறங்கும்னு நீதானே சொன்ன?"

"படிவத்துல ஏன்டா எழுதல?"

"மருந்துன்னுதானே கேட்டாங்க? காசு குடுத்து வாங்குனாத்தான் மருந்து." பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். "டெல்மா, பாரு இவனை! மூணு வருஷமா எனக்கு விஷம் வச்சிருக்கான். அதையும் தேதி போட்டு எழுதி வச்சிருக்கான்! போலீசுக்கு ஒரு வேலையும் இல்ல."

டெல்மா சிரிக்கவில்லை. "பலகையும் பைன்தானே?" என்றாள். அவன் சிரிப்பு நின்றது.

அன்றே மருத்துவருக்கு எழுதினேன். பதினொரு தேதிகள், அரிப்பு கூடிய நாட்கள், களிம்பின் சேர்மானம், பலகைகளின் நீள அகலம், கணுக்களின் எண்ணிக்கை (மேல் பலகையில் இருபத்து மூன்று) எல்லாம் நான்கு பக்கத்தில். கடைசியில் ஒரே கேள்வி: களிம்பா, சவுனாவா? பதில் வரும்வரை ஆர்வோ களிம்பைத் தொடவில்லை. சவுனாவில் தடித்த துண்டை மூன்றாக மடித்து, அதன் மேல் முட்டையிட உட்கார்ந்த கோழி மாதிரி அசையாமல் இருந்தான். இரண்டாம் வாரத்தில் அரிப்பு பாதியானது. என் தபால் பெட்டியை அவன் தினமும் என்னைவிட முன்னால் வந்து திறந்து பார்த்தான். அதைச் சாய்த்தவன் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பார்த்தது எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

மருத்துவர் எழுதியது இவ்வளவுதான். சவுனாவுக்குப் போகலாம். உட்காரும் பலகைகளை மட்டும் பிசின் இல்லாத ஆஸ்பென் மரத்தில் மாற்றிக்கொண்டு, சுவரில் சாயாமல் உட்கார வேண்டும். களிம்பு இனி ஒரு விரல்நுனிகூடக் கூடாது. ஆய்வுப் படிவத்தில் 'நண்பர்கள் இலவசமாகக் கொடுத்தவை' என்று ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்கள். அடியில் மையால் தனியாக ஒரு வரி: சவுனாவும் குளியலும் ஒன்றல்ல, சோதனையின்போது இரண்டும் கூடாது என்று தாளில் திருத்திவிட்டோம்.

அந்தக் கடைசி வரியை ஆர்வோ மூன்று முறை வாசிக்கச் சொன்னான். பிறகு பலகைகளை அளக்க என் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தான்.

கடிதம் வந்தது 2023 மார்ச் 9, வியாழக்கிழமை.